ஆனைப்பள்ளத்து விசில்

இன்னும் நீலம் ஆகவில்லை. ஒன்பது அஞ்சுக்கு அனுப்பியது, இப்போது ஒன்பது இருபது, ரெண்டு டிக்கும் சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது, பதினஞ்சு நிமிஷத்தில் ஒருத்தி எழுந்து போனைப் பார்க்க மாட்டாளா என்று பாண்டீஸ்வரி போனைத் தோல்பைக்குள் போட்டாள், போட்ட கையோடு எடுத்தாள், மறுபடி போட்டாள். அடுப்பில் பாலா வைத்திருக்கிறாய், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க, சோலியைப் பாருடி என்று தன்னையே அதட்டிவிட்டு ரெண்டு விசில் கொடுத்தாள். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலக்கரடு போகிற டவுன் பஸ் முக்கி முனகிக்கொண்டு கிளம்பியது. டிரைவர் சின்னமாயன் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "என்ன தங்கச்சி, காதுக்குள்ள வந்து அடிக்கிற" என்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்றாள். ஒன்றுமில்லையாம். எட்டு மாசமாகப் பேசாத மகளுக்கு இன்று காலையில் முதல் தடவையாகக் குரல் அனுப்பியிருக்கிறாள், அதுவும் நலமா சாப்பிட்டாயா என்று கேட்டு அனுப்பவில்லை, ஒரு வீடியோ கேமில் பஸ்ஸை எப்படிப் பின்னால் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், நாற்பத்து மூணு வயசில். மூன்று தடவை பேசி மூன்று தடவையும் அழித்தாள். முதல் தடவை அழுகை வந்துவிட்டது. ரெண்டாவதில் பக்கத்து வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மூன்றாவதில் அம்மாவை மன்னிச்சிரு என்று ஆரம்பித்தாள், அந்த வார்த்தை வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். நாலாவது தடவை பேசினதுதான் போனது. ஜோதி, அது நம்பர் இல்ல, எண்ணாத, அது ரிவர்ஸ் விசில், விசில் அடிக்க அடிக்க வண்டியைப் பின்னால எடு, விசில் நின்னா நீயும் நில்லு, மறுபடி அடிச்சா மறுபடி எடு, நீளமா அடிச்சா பிரேக்கைப் போட்டுரு, அவ்வளவுதான், அம்மா. கடைசியில் எதற்கு அம்மா என்று சொன்னாள், கடிதமா எழுதுகிறாள் கையெழுத்துப் போட, அவளுக்குத் தெரியாதா இது யார் குரல் என்று. தெரியுமா? எட்டு மாசத்தில் குரல் மறந்துபோகுமா? சீச்சீ, என்ன நினைப்பு இது.

"டிக்கெட், டிக்கெட், அந்தக் கூடையை உள்ள தள்ளி வையிங்க, ஆள் ஏறணுமில்ல." மகளிருக்கு இலவசம், மிஷினில் ஒரு தட்டு, ஒரு சீட்டு, இன்னொரு தட்டு, இன்னொரு சீட்டு, கை தானாக வேலை செய்தது, மனசு மலைக்குப் போய்விட்டது. அந்த மலைக்குத்தான், வேறே எந்த மலை. விளையாட்டின் பேரே மலைத்தடம். ஒரு பஸ், ஒரு மலைப் பாதை, ஏழு நிறுத்தம், டிரைவர் நாம்தான், கண்டக்டர் கண்ணுக்கே தெரிய மாட்டான், விசில் மட்டும்தான் கேட்கும். ஆறு நிறுத்தம் வரைக்கும் ஒழுங்காக ஒரு விசில், ஆள் ஏறும், ரெண்டு விசில், வண்டி போகும். ஏழாவது ஆனைப்பள்ளம். அங்கே ஒரு ஈ காக்கா நிற்காது. சும்மா நிறுத்திவிட்டுக் கிளம்பி வளைவு திரும்பினதும்தான் அந்த விசில் வரும், குட்டிக் குட்டியாக நாலு, கொஞ்சம் மௌனம், மூணு, மௌனம், நாலு, அப்புறம் நீளமாக ஒன்று. அதோடு சரி. உச்சிக்குப் போனால் ஆட்டம் முடிந்துவிடும். இந்த நாலு மூணு நாலை வைத்துக்கொண்டு உலகமே நாலு வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறது. ஒருத்தன் தந்தி பாஷை என்றான். ஒருத்தன் ஏப்ரல் மூணாம் தேதி நாலு மணிக்கு ரெண்டாம் பாகம் வரும் என்றான், வரவில்லை, அடுத்த வருஷ ஏப்ரல் என்றான், அப்போதும் வரவில்லை. இன்னொருத்தன், இந்த கேமைச் செய்த மூணு பேரில் ஒருத்தர் செத்துப்போனார், அவர் ஆவிதான் விசில் அடிக்கிறது என்று ஒரு மணி நேரம் வீடியோ போட்டான், மூணு பேரும் நன்றாக உயிரோடு இருக்கிறோம் என்று அவர்களே வந்து சொல்ல வேண்டியதாயிற்று. விசிலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அந்த மூணு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் மகள் நாகஜோதி இருக்கிறாளே, அவள் கதை தனி. ஒவ்வொரு வளைவிலும் எத்தனை மரம் என்று எண்ணினாள். நாலாவது மரம், மூணாவது மரம், நாலாவது மரம், அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மணி என்ன, எல்லாம் நோட்டில். நாலு லாங் சைஸ் நோட்டு. சிவப்பு மசியில் மரம், பச்சை மசியில் விசில். காலேஜ் முடித்துவிட்டு ரெண்டு வருஷம் மரம் எண்ணினாள்.

கைலாசபட்டியில் ஒரு கூட்டமே ஏறியது. "படியில நிக்காதீங்க, மேல ஏறுங்க, உள்ள எவ்வளவு இடம் கிடக்கு பாருங்க." இடம் எங்கே கிடந்தது, அவளுக்கே ஒற்றைக் காலில்தான் இடம். பின் சீட்டுக் கம்பியில் முதுகைக் கொடுத்து நின்றபோது வெந்நீர் அடுப்பு நினைவுக்கு வந்தது. வராமல் இருக்குமா, தினமும் இந்த நேரத்துக்கு, இந்தக் கம்பியில் சாய்ந்ததும் வந்துவிடும். கோயம்புத்தூரில் இன்டர்வியூ என்று காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டியவள், உலகம் பூராவும் ஒரே நேரத்தில் மரம் எண்ணுகிறோம் என்று போனும் கையுமாக உட்கார்ந்து பஸ்ஸை விட்டாள். பாண்டீஸ்வரி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம், திட்டியிருக்கலாம், ரெண்டு அடிகூட வைத்திருக்கலாம். நாலு நோட்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகச் செருகினாள். அட்டை முதலில் எரியவில்லை, குச்சியால் தள்ளிவிட்டாள். ஜோதி பின்னால் வந்து நின்று பார்த்தாள். தடுக்கவில்லை, அழவில்லை. அந்த வெந்நீரில் குளித்துவிட்டு மறுநாள் ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டாள், ஏதோ செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று அவள் சித்தி சொல்லித்தான் தெரியும். பெற்றவளுக்கு ஒரு வரி இல்லை. பெற்றவளும் ஒரு வரி எழுதவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவ பேசட்டும் என்று இவள், இவ பேசட்டும் என்று அவள், ரெண்டும் ஒரே மண்ணில் செய்த பானைதானே. அவள் அப்பா இருந்திருந்தால் நடுவில் எதையாவது பேசிச் சிரிக்க வைத்திருப்பார். கண்டக்டராக இருந்து திடீரென்று போனவர், அவர் வேலைதான் வாரிசு என்று இவளுக்கு வந்தது, அவர் விசில்தான் கழுத்தில் தொங்குகிறது, ஆனால் ஆளைச் சிரிக்க வைக்கிற வித்தையை மட்டும் எந்த ஆபீசிலும் மாற்றிக் கொடுப்பதில்லை.

ரெண்டாவது மாசம்தான் அந்த கேமைத் தன் போனில் இறக்கினாள். இது என்ன பெரிய கேம், என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிற அளவுக்கு என்று பார்க்கத்தான் இறக்கினாள். டிப்போ ரெஸ்ட் ரூமில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, மூணு தடவை பள்ளத்தில் விழுந்தாள், நாலாவது தடவை உச்சிக்குப் போனாள். மலையில் அப்படியொரு மழை பெய்தது. வண்டிக் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் ஜோதி எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. அப்புறம் தமிழ்க் குரூப்பிலும் சேர்ந்தாள், பாண்டி என்று பேர் கொடுத்து. எல்லாரும் ப்ரோ ப்ரோ என்று கூப்பிட்டார்கள், அவளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். சுடலை என்று ஒரு அட்மின், அவன்தான் அங்கே தாசில்தார். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி, நிஜக் கண்டக்டர் யாரையாவது கேட்டுப் பார்த்தால் என்ன என்று எழுதினாள். "கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியும் ப்ரோ, கோட் உடைக்கத் தெரியாது" என்று சுடலை பதில் போட்டான், நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் மூஞ்சி சுருங்கிப் போய், ஆமாம் நமக்கென்ன தெரியும் என்று மற்றவர்களோடு சேர்ந்து நாலு, மூணு, நாலு என்று எண்ண ஆரம்பித்தாள். அதுதான் கூத்து. தினம் எட்டு டிரிப்பு விசில் ஊதுகிறவள், விசிலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம்தான் மண்டையில் ஏறியது. மேலக்கரட்டில் வண்டி திருப்ப இடம் கிடையாது, வாய்க்கால் பாலத்தைத் தாண்டின சந்துக்குள் பின்பக்கமாகவே போய்த்தான் திருப்ப வேண்டும், டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது, கண்டக்டர் இறங்கி நின்று ஊதினால்தான் உண்டு. ஊதிக்கொண்டிருந்தாள், குட்டி விசில், வரலாம் வரலாம் என்று. குறுக்கே ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. விசிலை நிறுத்தினாள். வண்டி நின்றது. அவள் நில்லு என்று சொல்லவில்லை, கையைக் காட்டவில்லை, ஊதுவதை விட்டாள், மாயண்ணன் பிரேக்கில் காலை வைத்துவிட்டார். ஆடு போனது, மறுபடி ஊதினாள், மறுபடி வண்டி வந்தது. அப்போதுதான் முதுகெலும்பில் சில்லென்று ஒன்று ஏறியது. அடியாத்தி. டிரெயினிங்கில் முதல் நாள் சொன்னதே இதுதானே, விசில் நின்னா கண்டக்டருக்குப் பாதை தெரியலைன்னு அர்த்தம், வண்டி நிக்கணும், நீள விசிலுக்கு ஒரேயடியா நிக்கணும். ஊர் உலகமெல்லாம் விசிலை எண்ணுகிறது, ஒருத்தன்கூட நடுவில் இருக்கிற மௌனத்தைக் கேட்கவில்லை. ஆனைப்பள்ளத்தில் பின்னால் எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்தான், விசில் முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு ஒரே மூச்சாக எடுத்துப் பள்ளத்தில் விழுந்தவர்கள், பின்னால் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். விசில் சத்தத்தோடு கூடவே எடுத்தவர் யாருமில்லை. வண்டியைப் பின்னாடி கூப்பிடுகிறான் அந்தக் கண்டக்டர், நாலு வருஷமாகக் கூப்பிடுகிறான், எல்லாரும் எண்ணிக்கொண்டே மேலே போய்விட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் போனைக் கையில் எடுத்தாள், மலைத்தடத்தைத் திறந்தாள், ஆறு நிறுத்தம் ஓட்டினாள், ஏழாவதுக்கு முன்னால் மூடிவிட்டாள். கை அரித்தது. குரூப்பில் போட்டால் சுடலை மூஞ்சியைப் பார்க்கலாம், அந்த ஆசையும் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் நாலு நோட்டை எரித்தவள் இதை முதலில் பார்க்கக்கூடாது. இது ஜோதிக்கு. அவள்தான் முதலில் போக வேண்டும்.

அது சரி, தப்பாக இருந்தால்? லட்சுமிபுரம் நிறுத்தத்தில் ஒரு விசில் கொடுத்த பிறகுதான் அது உறைத்தது. சோதித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டாளே. அங்கே ஜோதி எடுத்துப் பார்த்து, பள்ளத்தில் விழுந்து, எரித்தது போதாதென்று இப்போது கேலி வேறு செய்கிறாயா என்று நினைத்தால்? அதற்கப்புறம் எட்டு மாசம் இல்லை, எட்டு வருஷம் ஆனாலும் பேச மாட்டாள். பைக்குள் போன் துடித்தது. சில்லறைக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். உங்களுக்குக் கடன் தயாராக இருக்கிறதாம், யார் கேட்டது உன்னை. அந்தக் கையோடு ஜோதியின் பெயரைத் தொட்டுப் பார்த்தாள், பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நீலம். ரெண்டு டிக்கும் நீலம். மேலே டைப்பிங் என்று வந்தது, மூணு புள்ளி ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது, நின்றது. அவ்வளவுதான், போய்விட்டது. கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு ஏதோ எழுத வந்தாள், எழுதவில்லை. "கண்டக்டரம்மா, மேலக்கரடு ரெண்டு குடு" என்று ஒருவர் காசை நீட்டிக்கொண்டே இருந்தார், அவள் கொடுத்தாளா, கொடுத்திருப்பாள், கையில் மிஷின் சூடாக இருந்தது. புளியமரத்துப் பிரிவில் செக்கிங் ஏறினார்கள். ரெண்டு பேர், வெள்ளைச் சட்டை. "என்னம்மா, டிக்கெட் எல்லாம் போட்டாச்சா?" "போட்டாச்சு சார்." போனைப் பையின் அடியில் அமுக்கினாள். அவர்கள் ஒவ்வொரு சீட்டாக வாங்கிப் பார்த்துக்கொண்டு வர, அவள் பின் படியில் நின்று வெளியே போகிற தென்னை மரங்களை எண்ணினாள், ஒன்று, ரெண்டு, மூணு, நாலாவது வந்ததும் சட்டென்று நிறுத்தினாள். ஐயோ, என் பிள்ளை இப்படித்தானே இருந்திருப்பாள். ஒரு பதில் வேண்டும், அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாமல் கண்ணில் படுகிற மரத்தையெல்லாம் எண்ணியிருப்பாள். அவளைத் தடுத்து என்னடி தேடுகிறாய் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இத்தனை வந்திருக்காது. தப்பு என்னுடையதுதான் என்று, வண்டி ஆடுகிற ஆட்டத்தில், வெள்ளைச் சட்டைக்காரர்கள் நடுவில், முதல் தடவையாகத் தனக்குத்தானே முழுசாகச் சொல்லிக்கொண்டாள். "எல்லாம் சரியா இருக்கு" என்று செக்கிங் இறங்கிப் போனார்கள்.

மேலக்கரடு. கடைசிக் கூடையும் இறங்கினது, மலையடிவாரத்துக் காற்று வீசியது, மணி பத்து பத்து. அவள் இறங்கிப் பின்பக்கம் போய் வாய்க்கால் ஓரத்தில் நின்றாள். அந்தப் பாலத்து ஏற்றத்தில் பாதியில் நிறுத்தினால் இந்தக் கிழட்டு வண்டி அணைந்துபோகும், பிறகு ஆளைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும், அதனால் ஏறினால் ஒரே மூச்சாக ஏற வேண்டும். விசிலை வாயில் வைத்தாள். பீ, பீ, பீ, பீ. வண்டி பின்னால் வந்தது. சைக்கிள்காரர் ஒருத்தர் குறுக்கே வந்தார், நிறுத்தினாள், வண்டி நின்றது, அவர் போனார். பீ, பீ. சக்கரம் ஏற்றத்தைத் தொட்டது. அப்போதுதான் பைக்குள் போன் அடித்தது. துடிப்பு இல்லை, மணி. செய்தி இல்லை, அழைப்பு. அந்த மணியை இந்த நேரத்தில் அடிக்கிற ஆள் வேறு யார். இடது கையைச் சில்லறைக்குள் விட்டு அள்ளினாள், அஞ்சு ரூபாய்க் காசு ரெண்டு தரையில் விழுந்து ஓடியது, ஓடட்டும். திரையில் ஜோதி என்று இருந்தது. ஊதுவதை விட்டால் வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும், பேசாவிட்டால் அவள் வைத்துவிடுவாள், வைத்தால் திரும்ப எடுப்பாளா, பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தாள், வாயிலிருந்து விசிலை எடுக்கவில்லை. பீ, பீ, பீ. "அம்மா" என்றது போன். எட்டு மாசத்துக்குப் பிறகு அம்மா. பீ, பீ. வேறே என்ன சொல்வாள், வாயில் விசில் இருக்கிறதே. "அம்மா, கேக்குதா?" பீ, பீ, பீ. ஓசூரில் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவள் கேட்கிறாள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. பின் சக்கரம் பாலத்தைத் தாண்டி மண்ணில் இறங்கியது, மாயண்ணன் வலப்பக்கம் அதிகமாக ஒடித்தார், பாண்டீஸ்வரி ஒரு நொடி நிறுத்தினாள், அவர் சரிசெய்தார், மறுபடி பீ, பீ, பம்பர் சுவருக்கு ஒரு முழம் வந்தது, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து நீளமாக ஒன்று. வண்டி நின்றது. விசில் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் ஆடியது.

"அம்மா, இதேதான்" என்றாள் ஜோதி, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, "இதேதாம்மா. எத்தனைன்னு எண்ணவே கூடாதும்மா. நானும் விசிலோடயே எடுத்தேன், நிறுத்துனப்ப நின்னேன், நீளத்துக்குப் பிரேக் போட்டேன். மழைக்குள்ள ஒரு அம்மா ஓடி வர்றாங்க. தலையில கூடை. மூச்சு வாங்குது. இத்தனை நாளும் வண்டியைத் தவற விட்டுட்டுப் பின்னாலயே ஓடி வந்துட்டு இருந்திருக்காங்க, நாங்க யாருமே திரும்பிப் பாக்கல." பாண்டீஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ஏறிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஏறிட்டாங்கம்மா. ஏறி, உச்சிக்கு ஒண்ணு குடுன்னு டிக்கெட் கேக்குறாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாய்க்கால் ஓரத்தில், காக்கிச் சட்டையோடு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். ஜெயித்துவிட்டாள். நாலு வருஷம் உலகமே முட்டி மோதிய கதவை இந்த ஓட்டை வண்டிக்குப் பின்னால் நின்று ஊதியே திறந்துவிட்டாள். சிரிப்பு அடங்கினதும், இந்த முறை அந்த வார்த்தை கடிக்கவில்லை, தானாகவே வந்தது. "நோட்டை எரிச்சிருக்கக் கூடாது ஜோதி. அம்மா செஞ்சது தப்பு." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மௌனத்தைக் கேட்கத் தெரிந்தவள்தானே, காத்திருந்தாள். "அதுல எழுதுனது பூராவும் தப்புக் கணக்கும்மா," என்றாள் ஜோதி, "ஆனா எரிச்சன்னைக்கு வலிச்சுச்சு." "தெரியும்." "இப்பப் போயிருச்சு. குரூப்புல போடப்போறேன், யாரு உடைச்சதுன்னு அங்க அட்மின் சுடலைன்னு ஒருத்தன் கேப்பான். பெரியகுளம் டிப்போ கண்டக்டர், எங்கம்மான்னு போடுறேன். சனிக்கிழமை லீவு, ஊருக்கு வர்றேன். நீ எந்த டிரிப்பு?" "ஒன்பது இருபது." "அதுலதான் ஏறுவேன். விட்டுட்டுப் போயிராத." "போனாலும் ரிவர்ஸ்ல வருவேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

மாயண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன தங்கச்சி, பின்னால சுவர் இருக்கா போயிருச்சா, சத்தத்தையே காணோம்" என்றார். மேலக்கரட்டு ஜனம் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவள் விழுந்த காசைக்கூடப் பொறுக்கவில்லை, பின் படியில் ஒரே தாவில் ஏறி, கம்பியைப் பிடித்து, விசிலை வாயில் வைத்து ரெண்டு கொடுத்தாள். முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், வாய்க்காலில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன, வண்டி கிளம்பியது.